முந்நூற்றுப் பதினெட்டாம் லாப்விங்

றோஸ்மலர் அந்தப் பட்டறைக்கு முதன்முதலாகப் போனது கக்கூஸ் கழுவத்தான். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கொம்பனி, கிழமையில் மூன்று நாள் அவளை அங்கே போட்டிருந்தது. லண்டன் மோர்டனில் அவளும் புருஷனும் இருந்த வாடகை அறையிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம். வெளியே 'வாட்லிங் கார்ஸ்' என்று ஒரு மங்கிய பலகை. கார் திருத்துகிற இடமாக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தவளுக்கு மூக்கில் குப்பென்று ஏறியது றெசின் பசையின் மணம்.

அது அவளுக்குத் தெரிந்த மணம். கலியாணத்துக்கு முதல் மூன்று வருஷம் மன்னாரில், மாமன் முறையான ஒருவரின் பைபர் வள்ளப் பட்டறையில் வேலை செய்தவள். கண்ணாடி நார்த் துணியை வெட்டுவது, அச்சுக்குள் அடுக்குவது, றெசின் பூசி உருளையால் காற்றை வழித்து விடுவது எல்லாம் கைக்கு வந்த வேலை. லண்டனில் அது உதவும் என்று அவள் கனவிலும் எண்ணவில்லை.

உள்ளே வள்ளங்கள் இல்லை, கார்கள். அதுவும் முழுக் கார்கள் இல்லை. சில்லு இல்லாத, எஞ்சின் இல்லாத, கண்ணாடி இல்லாத வெறும் உடம்புகள். கூரையும் கிடையாது. பதிந்த மூக்கும் எழும்பிய பின்பக்கமுமாய், பறக்கத் தயாராகிற ஏதோ ஒன்றைப்போல வரிசையில் கிடந்தன.

இரண்டாம் கிழமை அது நடந்தது. அன்று காலை அச்சிலிருந்து கழற்றிய ஒரு பொனற்றை, எஞ்சின் மூடியை, மேசையில் வைத்துவிட்டு, அதைச் செய்த வேலையாள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். நிலத்தைத் துடைத்துக்கொண்டு போன றோஸ்மலர் நின்றாள். பொக்கற்றிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்து மெல்லத் தட்டினாள். டிக், டிக், டிக். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று செத்த சத்தம்.

"என்ன செய்கிறாய்?" பின்னால் முதலாளி டெனிஸ் வாட்லிங். ஐம்பது வயது, சட்டை முழுக்கத் தும்பு.

"இதுக்குள்ளே காற்று," என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "இங்கேயும். இங்கேயும்."

டெனிஸ் அவளைப் பார்த்தார், பொனற்றைப் பார்த்தார். பிறகு பைபர் அறுக்கிற வாளை எடுத்து, அவள் காட்டிய இடத்தை அறுத்தே விட்டார். பைபரின் நடுவே சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு பொந்து இருந்தது.

"நீ யார்?"

"கிளீனர்."

அடுத்த திங்கட்கிழமை துடைப்பத்தை வேறொருத்தி பிடித்தாள். றோஸ்மலருக்கு ஒரு சோடி கையுறையும் முகமூடியும் கிடைத்தன.

அந்தக் கொம்பனி செய்ததைக் கிற் கார் என்பார்கள். முழுக் காராக விற்பதில்லை. காரின் உடம்பு, இரும்புச் சட்டகம், ஆயிரத்துச் சொச்சம் சாமான்கள், ஒரு வழிகாட்டிப் புத்தகம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் கொடுத்து விடுவார்கள். வாங்குகிறவர் ஒரு பழைய காரைப் பிரித்து, எஞ்சினையும் கியரையும் எடுத்து, தன் வீட்டுக் கராஜிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். டெனிஸ் அதைத் தொடங்கியது எழுபத்தாறில். ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கக் கையில் காசில்லாத வயதில், ரயில் பாலத்தடியில் ஒரு வளைவை வாடகைக்கு எடுத்து, அக்காவின் புருஷனோடு சேர்ந்து தனக்கென்று ஒன்றைச் செய்தார். அதற்கு லாப்விங் என்று பெயர். லாப்விங் என்றால் என்னவென்று றோஸ்மலர் கேட்டபோது டெனிஸ் ஒரு பறவைப் படத்தைக் காட்டினார். "இது எங்கடை ஆட்காட்டியெல்லே!" என்று அவள் சிரித்துவிட்டாள்.

முதல் காரின் படம் ஒரு வாகனச் சஞ்சிகையில் வந்ததும், எனக்கும் ஒன்று வேண்டும் என்று கடிதங்கள் வரத் தொடங்கின. தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், சுரங்கத் தொழிலாளி என்று யார் யாரோ எழுதினார்கள். நல்ல வருஷம் ஒன்றில் முப்பத்தொரு கார் போனது. பிறகு, வீட்டில் கட்டிய கார் ரோட்டில் இறங்குவதற்கு அரசாங்கம் கடுமையான சோதனை வைத்தது. உதிரிக்குப் பிரித்தெடுக்கிற பழைய கார்களும் துருப்பிடித்து இல்லாமற்போயின. அக்காவின் புருஷன் விலகிக்கொண்டார். டெனிஸ் விடவில்லை. அச்சை மாற்றினார், வேறு காரின் எஞ்சினுக்கு ஏற்றமாதிரிச் சட்டகத்தை மாற்றினார். றோஸ்மலர் வந்தபோது இருநூற்று அறுபத்து மூன்றாவது உடம்பு அச்சில் இருந்தது. அதற்குப் பிறகு வெளியே போன ஒவ்வொரு உடம்பும் அவள் கைபட்டது.

முந்நூற்றுப் பதினெட்டாவதை எடுக்க இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி, நரைத்த மீசை. முகமூடியைக் கழற்றிய றோஸ்மலரைக் கண்டதும் ஒரு நிமிஷம் திகைத்தார்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம் அண்ணை. மன்னார்."

"நீங்களே இதைச் செய்தனீங்கள்?"

"நான்தான்."

அவர் பெயர் பாலேந்திரா. பஸ் டிப்போவில் இருபது வருஷமாக மெக்கானிக். வீடு நோர்பரியில். மற்றவர்களின் வண்டியைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது, ஒன்றையாவது முதலிலிருந்து தானே செய்து பார்க்க வேண்டும் என்றார். பெட்டிகளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனவர், இரண்டு வருஷம்போல அடிக்கடி போன் எடுத்து ஏதாவது கேட்டார். பிறகு நின்றுவிட்டது.

அப்படி நின்று போவது வழமைதான். வாங்கியவர்களில் பாதிப்பேருக்குக் கார் கராஜிலேயே கிடந்து தூசி பிடிக்கும். ஒன்றில் உடம்புக்கு வருத்தம் வரும், அல்லது பிள்ளை பிறக்கும், அல்லது ஆசை அடங்கிப் போகும். முந்நூற்றுப் பதினெட்டையும் றோஸ்மலர் அந்தக் கணக்கில் விட்டுவிட்டாள்.

பெட்டிகள் போய் ஆறு வருஷம் கழித்து, ஒரு ஐப்பசி மாதம், போன் வந்தது. பேசியது ஒரு பெண்.

"நான் பாலேந்திராவின்ரை மனுசி சிவனேஸ்வரி. பொனற் மூடேக்கை இடப்பக்கம் அரை மில்லிமீற்றர் எழும்பி நிக்குதாம். உங்கடை அச்சிலைதான் பிழை எண்டு சொல்லச் சொன்னவர்."

றோஸ்மலருக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாகச் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்போது அச்சில் பிழையாம். அதுவும் அரை மில்லிமீற்றர்! சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நோர்பரியில் அந்த வீட்டுக்குப் பின்னால் கராஜ் கதவு அரைவாசி திறந்திருந்தது. வெளியே மழை இருட்டு, உள்ளே அதைவிட இருட்டு. அந்த இருட்டுக்குள் ஸ்பனர் திருகுகிற சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது.

"பாலேந்திரா அண்ணை?"

"உள்ளை வாங்கோ பிள்ளை. சுவிச் உங்கடை வலப்பக்கம் இருக்கு. எனக்கு அது தேவையில்லை."

றோஸ்மலர் சுவிச்சைப் போட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் சட்டகத்தின் கீழே கையை விட்டபடி முழங்காலில் இருந்தார். முகம் அவள் பக்கம் திரும்பியது. ஆனால் அவளைத் தாண்டி எங்கோ போனது. அந்தச் சட்டகத்தின்மேல் முழுசாக, முந்நூற்றுப் பதினெட்டாவது லாப்விங் நாலு சில்லில் நின்றது.



சிவனேஸ்வரி கோப்பியோடு வந்து கதையைச் சொன்னாள். இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தம் கண்ணில் பிடித்து, இரத்தம் கசிந்து, இரண்டு ஒப்பரேஷன் செய்தும் பலிக்காமல், பதினைந்தாம் ஆண்டு முடிவதற்குள் பார்வை முழுக்கப் போய்விட்டது. வேலையும் போனது. ஒரு வருஷம் மனுசன் மேல் அறையை விட்டு இறங்கவில்லை. ஒருநாள், கராஜில் கிடக்கிற சாமான்களை விற்றுவிடுவோம், என்னென்ன இருக்கிறதென்று தடவிப் பார்த்துச் சொல்கிறேன், என்னை அங்கே கொண்டுபோய் விடும் என்றார். காலையில் கொண்டுபோய் விட்டாள்.

"மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டன், வரேல்லை. போய்ப் பாக்கிறன், சட்டகத்திலை ஸ்ரியரிங் தடியைப் பூட்டிக்கொண்டு நிக்கிறார். ஆருக்கு விக்கப் போறியள் எண்டு கேட்டன். மற்றப் போல்ற்றை எடுத்துத் தாரும் எண்டார்."

றோஸ்மலர் கராஜைச் சுற்றிப் பார்த்தாள். சுவர் நெடுக ஐஸ்கிறீம் பெட்டிகள். அவற்றைச் சுற்றி றப்பர் பான்ட். ஒரு பான்ட் என்றால் சின்ன ஆணி, இரண்டு என்றால் அடுத்தது, மூன்று என்றால் பெரியது. அளவு நாடாவுக்குப் பதிலாக முடிச்சுப் போட்ட கயிறுகள். மின் வயர்களின் நுனியிலும் நூல் முடிச்சுகள்: வயரின் நிறத்தை மனைவி சொல்ல, அவர் நிறத்துக்கொரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நூறுக்கு மேற்பட்ட வயர்கள்.

"இப்ப பொனற்றுக்கு வருவம்," என்றார் பாலேந்திரா. பிழையைக் காட்டும் அவசரம் அவருக்கு. "கையைத் தாங்கோ."

அவளது விரல்களைத் தன் விரல்களுக்குக் கீழே வைத்து, பொனற்றும் உடம்பும் சேர்கிற கோட்டின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். "இஞ்சை. பிடிபடுதோ?"

"இல்லை அண்ணை."

"திருப்பி வாறன். இஞ்சை."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பதினாறு வருஷமாகத் தான் செய்த உடம்பு, தன் கை. பையிலிருந்து இரும்பு ரூலரை எடுத்து நிறுத்திப் பார்த்தாள். அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அரை மில்லிமீற்றர், கூடவுமில்லை, குறையவுமில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் முதல் வேலையாகப் பொனற் அச்சைத் திருப்பிப் போட்டு அளந்தாள். பத்து வருஷத்துக்கு முதல் ஒருதரம் அச்சு கைதவறி விழுந்து, மூலையை ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த மூலை மயிரிழை இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு போன அத்தனை பொனற்றும் அப்படித்தான் போயிருக்கும். கண்ணுள்ள ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டெனிஸிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை, தானும் அளந்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

அச்சைத் திருத்தி, புதுப் பொனற் ஒன்றைச் செய்து, தை மாதம் அவளே நோர்பரிக்குக் கொண்டுபோனாள். பாலேந்திரா பூட்டினார், தடவினார். "இப்ப சரி," என்றார். பள்ளிக்கூடத்தில் பொதுச் சோதனை பாஸ் பண்ணின அன்றுகூட அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

பிறகு கொரோனா வந்தது. சோதனை நிலையங்கள் பூட்டுப்பட்டன. பாலேந்திரா அவசரப்படவில்லை, பூட்டியதையெல்லாம் கழற்றி ஒருதரம் திரும்பப் பூட்டினார். இருபத்திரண்டாம் ஆண்டு வைகாசியில்தான் சோதனைக்கு நாள் கிடைத்தது. வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை சிவனேஸ்வரிக்கு. லண்டன் ரோட்டெல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. லாப்விங்கை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். பக்கத்து இருக்கையில் பாலேந்திரா, மடியில் வெள்ளைப் பிரம்பு. றோஸ்மலர் லீவு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாள்.

சோதனை அதிகாரி குறைவாகப் பேசுகிற மனிதர். ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு சின்னக் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். ரோட்டில் போகிறவர் மேல் முட்டினால் வெட்டாத அளவுக்கு எல்லா விளிம்பும் உருண்டையாக இருக்க வேண்டும். மற்றவர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடம் இதுதான் என்று றோஸ்மலருக்குத் தெரியும். முந்நூற்றுப் பதினெட்டில் ஒரு விளிம்புகூட மாட்டவில்லை. பிரேக் சரி. ஸ்ரியரிங் சரி. மூன்று மணித்தியாலம் போனது. கடைசியில் அதிகாரி இல்லையென்று தலையை ஆட்டினார்.

பனிப்புகாருக்குப் போடுகிற பின் லைற் எரிகிறதென்று ஓட்டுகிறவருக்குக் காட்ட, முன்பலகையில் ஒரு பொட்டு லைற் இருக்க வேண்டும். இருந்தது. அது மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தது.

பாலேந்திரா அந்தப் பொட்டு லைற்றை விரலால் தேடித் தொட்டார். பிறகு மனைவி நின்ற பக்கம் திரும்பினார்.

"ஈசு, அது பச்சை எண்டு நீர் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

முதலில் சிரித்தது பாலேந்திராதான். அதிகாரிக்கு விளங்கவில்லை. இதைக் கட்டியவர் யார் என்று கேட்டார். பத்திரத்தில் எழுத வேண்டுமாம்.

"நான்தான்," என்றார் பாலேந்திரா.

அதிகாரியின் பேனை நின்றது. பிரம்பைப் பார்த்தார், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். பத்திரத்தைப் பொனற்றின்மேல் வைத்துவிட்டு, கருவியைப் பொக்கற்றில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே வலக்கையை உடம்பில் வைத்து, மூக்கிலிருந்து வால்வரை காரை ஒரு சுற்று நடந்தார். மாதா கோயில் பூசையில் குருவானவர் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது விழுகிற மௌனம் அந்த இரும்புக் கொட்டகையில் விழுந்ததை றோஸ்மலர் கேட்டாள்.

மஞ்சள் லைற் போட்டு, இரண்டு கிழமையில் கார் பாஸ்.

அந்தக் கோடையில்தான் டெனிஸும் ஒரு முடிவோடு இருந்தார். எழுபது வயதாகிவிட்டது. பட்டறை நின்ற இடத்தில் மாடி வீடு கட்டப் போகிறார்கள், குத்தகையும் முடிகிறது. அச்சுகளை உடைத்துப் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போவதென்று மனைவியிடம் சொல்லியும் விட்டார். போவதற்கு முதல் முந்நூற்றுப் பதினெட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று றோஸ்மலரைக் கூட்டிக்கொண்டு நோர்பரிக்குப் போனார்.

கார் வாசலில் நின்றது. டெனிஸ் குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், ஏறி இருந்து பார்த்தார். நாற்பத்தாறு வருஷமாகத் தன் காரைப் பிறர் கட்டிக்கொண்டு வந்து காட்டப் பார்த்தவர். இதை மட்டும் கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"என் புத்தகத்தை வைத்தா இதைச் செய்தீர்கள்?" என்று கடைசியில் கேட்டார்.

"உங்கள் புத்தகம் எனக்கு உதவாது," என்றார் பாலேந்திரா ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான். "படத்தைப் பார், படத்தைப் பார் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்னுடைய புத்தகம் என் மனைவி எழுதியது."

சிவனேஸ்வரி வெட்கத்தோடு மூன்று நோட்டுக் கொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தாள். டெனிஸின் வழிகாட்டியை வரி வரியாக வாசித்து, தனக்கு விளங்கினமட்டும் புருஷனுக்குச் சொல்லி, அவர் பூட்டியபின் எப்படிப் பூட்டினார் என்பதைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டி வந்தால் வாசித்துக் காட்டுவதற்காக. டெனிஸ் கேட்டுக்கொண்டபடி றோஸ்மலர் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தாள்.

"ஸ்ரியரிங் தடி. முழங்கை சட்டகத்தில் முட்டும்வரை வலக்கையை உள்ளே விடவும். சுட்டுவிரலுக்கு மூன்று ஓட்டை அகப்படும். நடு ஓட்டைதான். போல்ற் சரியாகப் போனால் கிண்ணென்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் இறுக்க வேண்டாம்."

அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டெனிஸ் இன்னொரு பக்கம் என்றார். அப்புறம் இன்னொன்று. கோப்பி ஆறிப் போனது. நான் அந்தப் போல்ற்றை ஆயிரம் தரம் பூட்டியிருக்கிறேன், அந்தச் சத்தத்தை எழுத வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை என்றார் டெனிஸ். அவர் கண் கலங்கியிருந்ததை றோஸ்மலர் பார்த்தும் பாராததுபோல இருந்தாள்.

திரும்பி வரும்போது, காரை ஓட்டிக்கொண்டே கேட்டார்: "அச்சுகளை நீ எடுத்துக்கொள்கிறாயா?"

"நானோ?" அவள் வாயில் தமிழ்தான் வந்தது.

"வேறு யார்?"

வீட்டில் புருஷன் பெனடிக்ற் முதலில் பயந்தான். இருபது வருஷம் வான் ஓட்டியவன்; நிரந்தரச் சம்பளத்தை விடுவதாவது என்று இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "அச்சு ஏத்த எத்தினை வான் வேணும்?" என்று கேட்டான். ஐந்து நடை ஓடினான். மிச்சம் என்கிற ஊர்ப்பக்கத்தில், பழைய தச்சுப் பட்டறை ஒன்றின் பின்பாதி கிடைத்தது. பலகையில் வாட்லிங் என்ற பெயரை றோஸ்மலர் மாற்றவில்லை.

முதல் வருஷம் இரண்டே இரண்டு உடம்புதான் போனது. அந்த நேரத்தில் அவளும் சிவனேஸ்வரியும் மூன்று கொப்பிகளையும் ஆங்கிலமாக்கினார்கள். ஞாயிறு பூசை முடிய றோஸ்மலர் நோர்பரிக்குப் போவாள். சந்தேகம் வருகிற இடத்தில் பாலேந்திரா எழும்பிப் போய்க் காரைத் தொட்டுவிட்டு வந்து சொல்வார். புதுப் புத்தகத்தில் படங்களும் உண்டு. ஆனால் படத்தைப் பார் என்று ஒரு இடத்திலும் இல்லை. வேல்ஸிலிருந்து ஒருவர், நான் மூன்று கொம்பனிகளின் கிற் கார் கட்டியவன், முதல்தரமாக ஒரு புத்தகம் என் பக்கத்தில் நின்று பேசியது என்று எழுதினார். அவர் தன் கூட்டாளிகளிடமும் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருஷம் ஆறு உடம்பு போனது.

இப்போது வியாழக்கிழமைகளில் பாலேந்திரா பஸ்ஸில் பட்டறைக்கு வருகிறார். அச்சிலிருந்து கழற்றிய எந்த உடம்பும் அவர் கை வைக்காமல் வெளியே போவதில்லை. சிலவேளை, "இதை விடுங்கோ பிள்ளை" என்பார். றோஸ்மலர் மறுபேச்சில்லாமல் அந்த இடத்தை உரசித் திரும்பச் செய்வாள். சம்பளத்தோடு மத்தியானம் சோறும் வேண்டும் என்று பேசித்தான் வந்தார். மன்னார்க் கருவாட்டுக் குழம்பில் அவருக்குப் பெரிய பிரியம்.

லாப்விங் சிவனேஸ்வரியின் பொறுப்பில் இருக்கிறது. வெயில் நாளில் அதில்தான் வேலைக்குப் போவாள். கூரையில்லாத சிவப்புக் கார் ஒன்று வந்து நிற்க, அதிலிருந்து பராமரிப்பாளர் சீருடையோடு அறுபது வயதுப் பெண் ஒருத்தி இறங்குவதைப் பார்க்கத் தெருவே யன்னலுக்கு வந்துவிடும். போன ஆனியில், தொண்ணூற்றொரு வயது ஆங்கிலேயக் கிழவி ஒருத்தி, இன்றைக்குக் குளிக்க வேண்டாம், என்னை அதில் ஏற்றி ஒரு சுற்றுக் கொண்டுபோ என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். மகளிடம் போனில் கேட்டு, பெல்ற் போட்டு, தலைக்குத் துவாய் கட்டி, சிவனேஸ்வரி அவளைப் பூங்காவைச் சுற்றி இரண்டு தரம் கொண்டுபோனாளாம். கிழவி வழி முழுக்கக் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம்.

"இறக்கேக்கை கேக்கிறா, இதை ஆர் செய்தது எண்டு," என்று சிவனேஸ்வரி அந்த வியாழக்கிழமை பட்டறையில் வந்து சொன்னாள். "நான் சொன்னன், நாங்கள் கொஞ்சப்பேர் எண்டு."